எரியும் மதுவும் பீங்கான் கிண்ணமும்

திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாற்றை எழுதப் புகுந்தவர்கள் கோட்டைகளைப் பற்றியும் பீரங்கிகளைப் பற்றியும் கடற்சமர்களைப் பற்றியும் நிறையவே எழுதியுள்ளனர். அத்துறைமுகத்துக்கு வந்துபோன கப்பல்களின் அடித்தளத்தில் எப்போதும் பூட்டப்பட்டுக் கிடந்த ஓர் அறையைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. மதுப் பீப்பாய்கள் வைக்கப்பட்டிருந்த அறை அது. வெடிமருந்து அறைக்கு அடுத்தபடியாகக் கப்பல் தலைவர்கள் அஞ்சியது அந்த அறைக்குத்தான்.

இதைப்பற்றி நான் எழுத நேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. கிண்ணியாவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் திருகோணமலைக்கு வடக்கேயுள்ள கடற்கரை விடுதியொன்றில் பரிமாறுநராகப் பணிபுரிகிறார். மதுவைத் தொட்டும் பார்க்காத குடும்பத்தில் பிறந்தவர். அந்த விடுதியில் மெருகிட்ட பீங்கான் கிண்ணத்தில் பழச்சாற்றையும் மதுவையும் கலந்து, மேலே தீ மூட்டி, மண்டபத்து விளக்குகளை அணைத்துவிட்டு உல்லாசப் பயணிகளின் மேசைக்கு எடுத்துச்செல்லச் சொல்கிறார்களாம். அவர் என்னிடம் கேட்ட கேள்வி இது: “சேர், அந்தக் கிண்ணம் கையில இருக்கக்குள்ள வெடிக்குமா?”

வெடிக்கக்கூடும் என்பதே அதற்குரிய நேரடியான பதில். ஆயினும் கிண்ணம் வெடிப்பது அந்த ஆபத்தின் ஒரு பாதி மட்டுமே. மறுபாதியை விளங்கிக்கொள்ள வேண்டுமானால் தீயும் மதுவும் பீங்கானும் ஒரே மேசையில் வந்து சேர்ந்த கதையைச் சற்றுப் பின்னோக்கிச் சென்று பார்க்க வேண்டும். அந்தக் கதை நமது கடலோடும் நெருங்கிய தொடர்புடையது.

கப்பல்களின் அனுபவம்

1619ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ‘நியூ ஹோர்ன்’ என்னும் கப்பல் பத்தாவியாவை நோக்கிச் சென்றுகொண்டிருந்தது. அதன் தலைவர் வில்லெம் பொன்டெகூ. மாலுமிகளுக்குரிய பிராண்டியை அளந்தெடுக்க ஒரு பணியாள் மெழுகுவர்த்தியுடன் அடித்தளத்துக்கு இறங்கினான். திரியிலிருந்து தெறித்த பொறி பீப்பாயின் வாயில் விழுந்தது. பீப்பாய் தீப்பற்றியது, தீ பரவி வெடிமருந்தை எட்டியது, கப்பல் சிதறியது. கடலில் வீசியெறியப்பட்டும் உயிர் தப்பிய பொன்டெகூவின் பயணக் குறிப்பு 1646இல் அச்சாகி ஒல்லாந்தில் பெரிதும் விரும்பிப் படிக்கப்பட்டது.

இரண்டு நூற்றாண்டுகள் கழிந்த பின்னரும் அதே தவறு நிகழ்ந்தது. 1825ஆம் ஆண்டு மார்ச் முதலாம் திகதி, வங்காளத்துக்கும் சீனாவுக்கும் புறப்பட்ட ‘கென்ட்’ என்னும் ஆங்கிலக் கப்பல் பிஸ்கே விரிகுடாவில் புயலில் அகப்பட்டது. பீப்பாய்கள் உருளாமல் இருக்கின்றனவா என்று பார்க்க ஓர் அதிகாரி விளக்குடன் கீழே சென்றார். கப்பல் ஆடியதில் விளக்கு கைநழுவியது. உடைந்திருந்த மதுப் பீப்பாயிலிருந்து வழிந்த மது பற்றிக்கொண்டது. கப்பலில் இருந்தோர் 600க்கும் அதிகம். ‘கேம்பிரியா’ என்ற சிறு கப்பல் அவ்வழியே வந்திராவிட்டால் மிகச் சிலரே மிஞ்சியிருப்பார்கள். அவ்வாறு வந்ததனால் 500க்கும் மேற்பட்டோர் காப்பாற்றப்பட்டனர்.

இந்த இரண்டு விபத்துகளிலும் ஓர் ஒற்றுமை இருக்கிறது. எவரும் மதுவுக்கு வேண்டுமென்று தீ வைக்கவில்லை. மதுவின் ஆவி தானாகவே சுடரைத் தேடிச் சென்று பற்றியது. பிற்காலத்தில் கடற்படைக் கப்பல்களின் மது அறை காவலுக்குள் வைக்கப்பட்டதும், திறந்த சுடர் அங்கே தடுக்கப்பட்டதும் இத்தகைய அனுபவங்களின் பயனே.

1795இல் திருகோணமலையைக் கைப்பற்றிய பிரித்தானியர் 1957 வரை அதைத் தமது கடற்படைத் தளமாக வைத்திருந்தனர். அவர்களுடைய கடற்படை விதிகள் 1731ஆம் ஆண்டிலேயே அச்சில் வந்துவிட்டன. மாலுமிக்குரிய ஒரு கலன் பியருக்குப் பதிலாக அரைப் பைந்து பிராண்டி, ரம் அல்லது சாராயம் கொடுக்கலாம் என்று அவ்விதிகள் கூறின. ரம் மேற்கிந்தியத் தீவுகளின் சரக்கு. கீழைக் கடலில் கிடைத்தது தென்னஞ்சாராயமும் பத்தாவியாச் சாராயமும்தான். இலங்கைத் தென்னந்தோப்புகளில் இறக்கப்பட்ட கள் வடிசாலைகளில் சாராயமாகிப் பீப்பாய்களில் கப்பலேறியது. சாராயக் குத்தகையில் பெருஞ்செல்வம் திரட்டிய குடும்பங்களே இலங்கையின் புதிய மேட்டுக்குடியாக எழுந்தன என்பதைக் குமாரி ஜயவர்தன தமது நூலில் விரிவாகக் காட்டியுள்ளார்.

மதுவின் வலிமையை அறியத் தீயையே சாட்சியாக அழைத்த காலமும் அதுவே. சிறிதளவு வெடிமருந்தை மதுவில் நனைத்துத் தீ வைப்பார்கள். பற்றி எரிந்தால் மது உரிய வலிமை உடையது. பற்றாவிட்டால் அதில் நீர் கலக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். ‘புரூஃப்’ என்னும் அளவு இவ்வழக்கத்தோடு இணைத்தே பேசப்படுகிறது. இன்றைய கணக்கில் அது ஏறத்தாழ 57 வீத மதுசாரம். 1816 முதல் பிரித்தானியாவில் சைக்ஸ் என்பவரின் நீர்மமானி சட்டபூர்வமான கருவியாகியது. தீ வைத்துப் பார்த்த காலம் போய் அளந்து பார்க்கும் காலம் வந்தது.

பஞ்ச் என்னும் கலவையும் சீனக் கிண்ணமும்

மதுவைக் கலந்து அகன்ற கிண்ணத்தில் பரிமாறும் வழக்கத்தை ஐரோப்பியர் நம் பக்கத்துக் கரையில்தான் கற்றுக்கொண்டனர். ‘பஞ்ச்’ என்ற சொல் ஆங்கில எழுத்தில் முதன்முதலாகக் காணப்படுவது 1632ஆம் ஆண்டுக் கடிதமொன்றில். ஆங்கிலக் கம்பனியின் ஊழியர் ஒருவர் சோழமண்டலக் கரையில் பெட்டப்பொலி என்னுமிடத்திலிருந்த தம் நண்பருக்கு எழுதியது அது. சாராயம், சர்க்கரை, தேசிக்காய்ச் சாறு, நீர், வாசனைப் பொருள் ஆகிய ஐந்தும் சேர்வதால் ‘பஞ்ச’ என்னும் எண்ணுப்பெயரே அவ்வாறு மருவியது என்பது பலரும் கூறும் விளக்கம். பீப்பாயைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது என்பாரும் உளர்.

கலவை இங்கிருந்து போனது. கிண்ணம் சீனாவிலிருந்து போனது. கன்ரன் துறைமுகத்தில் ஏற்றப்பட்ட பெரிய பீங்கான் கிண்ணங்கள் பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் செல்வர் வீடுகளில் பஞ்ச் கிண்ணங்களாயின.

நமக்கோ அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே மெருகிட்ட பாண்டங்கள் பழக்கமானவை. மன்னாருக்கு அருகே மாந்தையில் 1980களில் நடந்த அகழ்வாய்வில் சீனப் பீங்கான் ஓடுகளும் பாரசீகக் குடாவிலிருந்து வந்த நீலப்பச்சை மெருகுச் சாடிகளின் ஓடுகளும் கிடைத்தன. பீங்கான் என்னும் சொல்லே கிண்ணத்தைக் குறிக்கும் பாரசீகச் சொல்லிலிருந்து தமிழுக்கு வந்தது. ஆனால் அந்தச் சாடிகளில் எண்ணெயும் நீரும் பேரீச்சம்பாகும் நிரப்பினார்களேயன்றி, அவற்றின் வாயில் எவரும் தீ மூட்டவில்லை.

தீ மூட்டும் வழக்கம்

மதுவுக்குத் தீ மூட்டி மகிழ்வது குளிர்நாட்டு வழக்கம். விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் நத்தார் இரவில் விளக்குகளை அணைத்துவிட்டு, தட்டையான பாத்திரத்தில் பிராண்டியையும் உலர்ந்த திராட்சையையும் இட்டுக் கொளுத்தி, எரியும் திராட்சையைக் கையால் எடுத்து வாயில் போடும் விளையாட்டு ஒன்று இருந்தது. அறிவியலறிஞர் மைக்கல் பரடே 1860ஆம் ஆண்டின் இறுதியில் சிறுவர்களுக்காகத் தொடங்கிய மெழுகுவர்த்தி பற்றிய சொற்பொழிவுகளில் இதனை எடுத்துக்காட்டாகக் கையாண்டார். திராட்சை ஒவ்வொன்றும் திரியாகச் செயற்படுகிறது என்று விளக்கினார். இதற்குப் பாத்திரமும் திராட்சையும் பிராண்டியும் முன்கூட்டியே சூடாக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதையும் அவர் சொல்லத் தவறவில்லை. சூடாக்கல் பற்றிய இக்குறிப்பை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அமெரிக்காவில் ஜெரி தோமஸ் என்பவர் 1862இல் வெளியிட்ட மதுக்கலவை நூலில் எரியும் விஸ்கியை ஒரு குவளையிலிருந்து மற்றொன்றுக்கு நெருப்பு நாடாவைப்போல் ஊற்றும் முறை உள்ளது. அவர் கேட்டது பீங்கான் அல்ல. கைபிடியுள்ள பெரிய வெள்ளிமுலாம் குவளைகள். புதிதாகப் பழகுபவர் பலநாள் குளிர்ந்த நீரை ஊற்றியே பயிற்சி பெற வேண்டும் என்றும் எழுதினார். ஸ்பெயினின் கலீசியாப் பகுதியிலோ மண்கிண்ணத்தில் மதுவும் சர்க்கரையும் எலுமிச்சைத் தோலும் இட்டு எரியவிடும் வழக்கம் இன்றும் உண்டு. அங்கே கிண்ணம் மேசையில் அசையாது நிற்கும். அகப்பை மட்டுமே அசையும்.

கிண்ணியா இளைஞர் காட்டிய எரிமலை வடிவக் கிண்ணத்தின் வரலாறு இன்னும் அண்மையது. 1930களில் கலிபோர்னியாவில் பொலினீசியத் தீவுகளின் பெயரால் தொடங்கிய மதுச்சாலைகள், பீங்கானில் சிலை முகமும் எரிமலை உருவமும் கொண்ட பாத்திரங்களைப் பின்னர் பரப்பின. அந்த எரிமலைக் கிண்ணத்தின் நடுவே கூம்பாக உயர்ந்து நிற்கும் சிறு குழி உண்டு. தீ அந்தக் குழிக்குள் மட்டுமே எரிய வேண்டும். சுற்றியுள்ள அகழியிலிருக்கும் பானத்தைத் தீ தொடக்கூடாது. குழியில்லாத கிண்ணமாயின் பிழிந்த தேசிக்காயின் அரைமூடியை மிதக்கவிட்டு, அதற்குள் ஒரு தேக்கரண்டி மதுவையோ அதில் நனைத்த பாண் துண்டையோ இட்டு எரிப்பார்கள். பானம் முழுவதற்கும் தீ வைப்பது அந்தக் கலையை உருவாக்கியவர்களின் முறையே அல்ல. பாத்திரத்தைப் பார்த்துப் பாவனை செய்தவர்கள் அந்தக் குழி ஏன் இருக்கிறதென்று கேட்கவில்லை.

எண்ணெய்த் தொட்டியும் சாராயப் போத்தலும்

கிண்ணியாக்காரருக்கு எண்ணெய்த் தீயைப் பற்றி எவரும் பாடம் நடத்தத் தேவையில்லை. குடாவுக்கு அப்பால் சீனன்குடாவில், பிரித்தானியக் கடற்படைக்காக இரண்டாம் உலகப்போருக்கு முன் கட்டப்பட்ட எண்ணெய்த் தொட்டிகள் 99 இன்னும் நிற்கின்றன. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கியபோது அங்கே ஒரு தொட்டி நாட்கணக்கில் எரிந்தது. உருகிச் சரிந்த அதன் எச்சத்தைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

அத்தகைய தொட்டிகளைச் சுற்றி மதிலும் காவலும் தீப்பெட்டித் தடையும் இருப்பது இயல்பு. இப்போது ஓர் ஒப்பீட்டைச் செய்து பார்ப்போம். எரியக்கூடிய எந்தத் திரவத்துக்கும் ‘தீப்பற்று வெப்பநிலை’ என்று ஒன்று உண்டு. அந்த வெப்பநிலையை எட்டினால் அதன் மேலுள்ள ஆவி ஒரு சுடரைக் கண்டதும் பற்றும். 1879இல் பிரித்தானியா இயற்றிய பெற்றோலியச் சட்டம் இந்த அளவையே அடிப்படையாகக் கொண்டு, பரன்ஹைட் 73 பாகைக்குக் கீழ்ப்பட்டவற்றைக் கடுமையான கட்டுப்பாட்டுக்குள் வைத்தது. கப்பல்களின் கொதிகலன்களுக்கான உலை எண்ணெயின் தீப்பற்று வெப்பநிலை 60 பாகை செல்சியசுக்கும் மேல். 40 வீத மதுசாரமுள்ள மதுவுக்கு அது ஏறத்தாழ 26 பாகை. 30 வீதமுள்ளதற்கு ஏறத்தாழ 29. தூய மதுசாரத்துக்கு 13 மட்டுமே.

அதாவது, மதிலுக்குள் காவலோடு வைக்கப்படும் உலை எண்ணெயைவிட மதுச்சாலை மேசையிலுள்ள சாராயப் போத்தல் சுடருக்கு விரைவில் இணங்கும். விமானப் பயணிகள் 70 வீதத்துக்கு மேற்பட்ட மதுவைக் கொண்டுசெல்லக் கூடாது என்பதும், 24 வீதத்துக்கு மேற்பட்டது ஆபத்தான சரக்குப் பட்டியலில் சேர்வதும் இதனால்தான்.

பரடேயின் குறிப்பை நினைவில் வைக்கச் சொன்னேன். இலண்டனில் நத்தார் இரவில் அறையின் குளிர் 10, 15 பாகையாக இருக்கும். பிராண்டியைச் சூடாக்கினால்தான் அது பற்றும். ஆகவே குளிர்நாட்டு நூல்கள் யாவும் மதுவைச் சற்றுச் சூடாக்கிக்கொள்ளும்படி எழுதுகின்றன. உல்லாசப் பயணிகள் நமது கிழக்குக் கரைக்கு வருவதோ மே முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில். அது கச்சான் காற்று வீசும் காலம். பகல் வெப்பநிலை 33, 35 பாகையை எட்டும். இரவிலும் வெப்பம் பெரிதாகத் தணிவதில்லை. குளிர்நாட்டு நூல் செய்யச் சொல்லும் சூடாக்கலை நமது வானிலையே செய்து முடித்துவிடுகிறது. அதே நூலைப் பார்த்து அடுப்பில் வைத்து மீண்டும் சூடாக்குபவர் கிண்ணத்துக்கு மேலே கண்ணுக்குத் தெரியாத ஆவிக் குடையொன்றை விரிக்கிறார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தீப்பற்று வெப்பநிலையில் ஆவி ஒருகணம் மின்னிப் பற்றும். சுடர் நிலைத்து நிற்க மேலும் சில பாகை தேவை. பழச்சாறும் பனிக்கட்டியும் கலந்ததும் சாதாரணச் சாராயத்தில் சுடர் நிலைக்காது. காட்சி நிலைக்க வேண்டும் என்பதற்காக 75 வீத ரம்மை மேலே ஊற்றத் தொடங்குகிறார்கள். அதிலும் சுடர் தணியும்போது போத்தலைக் கவிழ்த்து மீண்டும் ஊற்றுகிறார்கள். எரியும் கிண்ணத்தில் போத்தலிலிருந்து ஊற்றும்போது தீ அந்தத் தாரையில் ஏறிப் போத்தலுக்குள் புகுந்தால், உள்ளிருக்கும் ஆவி பற்றி எதிரே இருப்பவர்மீது தீப்பிழம்பாகப் பாயும். ‘பக்கார்டி 151’ என்னும் 75.5 வீத ரம்மின் போத்தல் வாயில் இதற்கென்றே ஓர் உலோகத் தடுப்பு பொருத்தப்பட்டிருந்தது. அதன் உற்பத்தி 2016இல் நிறுத்தப்பட்டது.

மெருகின் குணம்

இனி அந்த இளைஞரின் கேள்விக்கு வருவோம். நமது வீடுகளில் மண்சட்டி நாள்தோறும் அடுப்பில் ஏறுகிறது, வெடிப்பதில்லை. அதைவிட விலையுயர்ந்த பீங்கான் கிண்ணம் ஏன் வெடிக்க வேண்டும்?

மண்சட்டி குறைந்த வெப்பத்தில் சுடப்பட்டது. அதன் உடலில் நுண்ணிய துளைகளும் மணற்பருக்கைகளும் உண்டு. வெப்பத்தால் ஓரிடம் விரியும்போது எழும் சிறு வெடிப்பு அடுத்த துளையை அடைந்ததும் நின்றுவிடுகிறது. பீங்கானோ 1300 பாகையை ஒட்டிய சூளையில் கண்ணாடிபோல் இறுகியது. வலிமை மிக்கது, ஆனால் ஒருமுறை வெடிப்பு தொடங்கினால் தடுத்து நிறுத்த உள்ளே எதுவும் இல்லை. பீங்கான் வெப்பத்தை விரைந்து கடத்துவதுமில்லை. மேலே சுடர் விளிம்பைச் சுடுகிறது. கீழே பனிக்கட்டி அடியைக் குளிர்விக்கிறது. விளிம்பு விரிய முனைகிறது, அடி இணங்க மறுக்கிறது. இந்த இழுபறியில்தான் கிண்ணம் பிளக்கிறது. பிளந்தால் எரியும் மது மேசையிலும் மடியிலும் வழியும்.

மெருகு என்பது களிமண்ணின்மேல் உருக்கிப் பூசிய ஒருவகைக் கண்ணாடி. களிமண் விரியும் அளவும் மெருகு விரியும் அளவும் பொருந்தவில்லையெனில், மெருகில் மயிரிழை வெடிப்புகள் வலைபோலப் படரும். அழகுக்காகக் குறைந்த சூட்டில் சுடப்பட்டுக் கடைகளில் விற்கப்படும் கிண்ணங்களில் இது அடிக்கடி நேர்வது. அவ்வெடிப்பின் வழியே மதுவும் நீரும் உள்ளே ஊறி, அடுத்த முறை தீ மூட்டும்போது ஆவியாகி மெருகைச் செதில்செதிலாகப் பெயர்க்கும்.

மெருகில் தீயோடு தொடர்பில்லாத ஓர் ஆபத்தும் இருக்கிறது. எளிதில் உருக வேண்டும் என்பதற்காகப் பழங்காலந்தொட்டே மெருகில் ஈயம் சேர்த்தனர். தேசிக்காய்ப் புளிப்பு ஈயத்தைக் கரைக்கும். மதுவில் ஈயம் கலப்பதன் தீங்கு நெடுங்காலமாகவே அறியப்பட்டது. ரம் வடிக்கும் கருவிகளில் ஈயக் குழாய்களைப் பயன்படுத்தக் கூடாதென்று மசச்சூசெற்ஸ் 1723இலேயே சட்டம் இயற்றியது. மட்பாண்டங்களுக்கு 1984இல் ஐரோப்பா விதித்த வரம்பின்படி, கிண்ணத்தில் 4 வீத அசற்றிக் அமிலத்தை 24 மணிநேரம் வைத்துச் சோதிக்கும்போது லீற்றருக்கு 4 மில்லிகிராமுக்கு மேல் ஈயம் கசியக்கூடாது. இலங்கையின் மாத்தளையில் 1972இல் தொடங்கிய நொரிட்டாக்கே தொழிற்சாலை போன்றவை வெளிநாட்டுச் சந்தைக்குப் பீங்கான் அனுப்புவது இத்தகைய சோதனைகளைக் கடந்துதான். அலங்காரப் பொருளென்று விற்கப்படும் கிண்ணம் அந்தச் சோதனையைக் கண்டிருக்க வேண்டியதில்லை. ஆகவே அதில் புளிப்புப் பானத்தை ஊற்றுவது தீ மூட்டுவதற்கு முன்பே தவறு.

பரிமாறுவோர் அறிய வேண்டியவை

தீ மூட்டிய பானத்தைப் பரிமாறாதிருப்பதே மேல் என்பது என் கருத்து. தொழில் காரணமாகச் செய்தே ஆகவேண்டியவர்களுக்கு, மேலே கண்ட வரலாற்றிலிருந்து பெறக்கூடிய விதிகள் சில உண்டு.

கிண்ணம் உணவுக்கென்று செய்யப்பட்ட, நன்கு சுடப்பட்ட, தடித்த பீங்கானாக இருக்க வேண்டும். விரல் கணுவால் தட்டினால் மணிபோல் ஒலிக்க வேண்டும். மந்தமாக ஒலித்தால் உள்ளே வெடிப்பு உண்டு. மயிரிழைக் கோடு ஒன்று தெரிந்தாலும் தீக்கு உதவாது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கிண்ணத்தில் உடனே தீ மூட்டக்கூடாது.

தீ எரிய வேண்டியது நடுக்குழியில் அல்லது தேசிக்காய் மூடியில் மட்டும். அதற்கு ஒரு தேக்கரண்டி மது போதும். அதை அளந்து ஊற்றியபின் போத்தலை மூடி அவ்விடத்திலிருந்து அகற்ற வேண்டும். அதன்பின்னரே தீக்குச்சியைத் தொட வேண்டும். சுடர் தணிந்தால் தணிந்ததுதான், மீண்டும் ஊற்றலாகாது.

கிண்ணத்தை மேசையில் வைத்தபின் மூட்ட வேண்டும். எரியும் கிண்ணத்தைக் கையில் ஏந்தி ஓர் அடிகூட நடக்கக்கூடாது. இளைஞரின் விடுதி மீறுவது இந்த விதியைத்தான். மதுவின் சுடர் நீலமாக, வெளிச்சத்தில் கண்ணுக்கே புலப்படாததாக இருக்கும். பீங்கானுக்குள் எவ்வளவு மது இருக்கிறதென்பதும், கண்ணாடிக் குவளையில் தெரிவதுபோல் வெளியே தெரியாது. ஆகவே அணைந்துவிட்டதென்று கண்ணை நம்பக்கூடாது.

நமது கடற்கரை விடுதிகளில் கிடுகு வேய்ந்த கூரைகள் உண்டு. கச்சான் காலத்தில் அவை காய்ந்த சருகுக்கு ஒப்பானவை. அவற்றின் கீழும் மின்விசிறியின் கீழும் திரைச்சேலைக்கு அருகிலும் தீ மூட்டலாகாது. அணைப்பதற்கு வாயால் ஊதக்கூடாது. ஊதினால் எரியும் மது எதிரிலிருப்பவர்மீது தெறிக்கும். கிண்ணத்தின் வாயைவிட அகன்ற உலோக மூடியைக் கையருகே வைத்திருந்து மூடிவிட வேண்டும். அணைந்த பின்னும் விளிம்பு ஆறும்வரை பருகக் கொடுக்கக்கூடாது. தீக்காயம் பட்டால் ஓடும் நீரில் இருபது நிமிடம் பிடித்திருக்க வேண்டும். பற்பசையும் எண்ணெயும் பூசாது வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும்.

தீயின் சாட்சி

இறுதியாக, தீயை மதுவின் சாட்சியாக அழைக்கும் பழைய நம்பிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை. கசிப்பையும் கள்ளச்சாராயத்தையும் கொளுத்திப் பார்த்து, நீலச்சுடர் வந்தால் நல்ல சரக்கு என்று சொல்பவர்கள் நம் நாட்டிலும் தமிழகத்திலும் இன்றும் இருக்கிறார்கள். மெதனோல் என்னும் நச்சு மதுசாரமும் நன்றாகவே எரியும். அதன் சுடர் இன்னும் மங்கலானது. 2024 ஜூன் மாதத்தில் தமிழகத்தின் கள்ளக்குறிச்சியில் மெதனோல் கலந்த சாராயத்தைக் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். எரிகிறது என்பதற்குமேல் அந்தச் சாராயத்தைப் பற்றித் தீ எதுவும் சொல்லியிராது.

நானூறு ஆண்டுகால வரலாற்றைத் திரும்பிப் பார்க்கையில் எனக்குத் தெளிவாவது இதுவே. கப்பலில் மது எரிந்தபோது மது அறைக்குப் பூட்டும் காவலும் வந்தன. எண்ணெய் எரிந்தபோது தீப்பற்று வெப்பநிலையைக் கணித்துச் சட்டம் வந்தது. மெருகில் ஈயம் கசிந்தபோது சோதனையும் வரம்பும் வந்தன. ஒவ்வொரு முறையும் ஆபத்தைத் தனிமனிதனின் சாமர்த்தியத்தில் விடாமல் விதியாக எழுதிவைத்த பின்னரே உயிர்கள் காக்கப்பட்டன. இருளில் எரியும் கிண்ணத்தை ஏந்தி நடப்பவருக்கு மட்டும், கவனமாகப் போ என்பதைத் தவிர வேறு விதி இல்லை.

அந்தப் பானத்தைக் கேட்பவர் வெளிநாட்டவர். விற்பவர் விடுதி உரிமையாளர். தன் வாழ்நாளில் அதைச் சுவைக்கப்போவதில்லை என்றிருப்பவரே கையில் ஏந்துகிறார். தீ மூட்டிய பானத்தை விலைப்பட்டியலில் சேர்க்கும் விடுதி, அதை மூட்டும் முறையையும் எழுதிப் பணியாளருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். அம்முறையில் செய்ய இயலாத இடத்தில் மறுக்கும் உரிமையையும் அவருக்கு வழங்க வேண்டும். அந்தப் பட்டியலை அச்சிட ஆகும் செலவைவிட இது அதிகமாகாது.